ஒரே அளவு — இரண்டு நீதி

ஆளுக்கு 50 லிட்டர்! ஓர் ஆளுக்கு, ஒரு நாளுக்கு, 50 லிட்டர் தண்ணீர். குடிப்பதும் அதற்குள், சமைப்பதும் அதற்குள், குளிப்பதும், துவைப்பதும், கழிப்பறைக்கு ஊற்றுவதும் அதற்குள். 2018ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் முதல் நாளன்று, தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் மாநகராட்சி இக்கட்டளையை நடைமுறைக்குக் கொணர்ந்தது. நாற்பது இலட்சம் மக்களுக்கு மேல் வாழும் நகரம் அது. கடலோரத்து மாளிகைகளும், திராட்சைத் தோட்டங்களும், உலகச் சுற்றுலாக்காரர் வந்து குவியும் விடுதிகளும் கொண்ட நகரம்.

நம் வீட்டுப் பிளாஸ்டிக் குடம் ஏறத்தாழ 15 லிட்டர் கொள்ளும். அந்தக் கணக்கில், 50 லிட்டர் என்பது மூன்று குடத்துக்குச் சற்று மேல். மூன்று குடத்தில் ஒரு நாள்! மாளிகைவாசிகள் திகைத்தனர். நீச்சல் குளங்களுக்கு நீர் நின்றது. புல்வெளிகள் காய்ந்து பழுப்பேறின. இரண்டே நிமிடத்தில் குளியலை முடித்துக்கொள்ளுங்கள் என்று மாநகராட்சி வேண்டிற்று. குளிக்கும்போதே காலடியில் வாளியை வைத்து, அதில் சேர்ந்த அழுக்கு நீரைக் கழிப்பறைக்கு ஊற்றினர் செல்வச் சீமாட்டிகள். உலக நாளேடுகள் அனைத்தும் அந்த வாளியைப் படம் பிடித்துப் போட்டன. அந்நகரத்தாரின் அடக்கத்தைப் பாராட்டி எழுதின.

பாராட்டட்டும்; பாராட்டத்தக்கதுதான். ஆனால், தோழர்களே, நாம் கேட்க விரும்பும் கேள்வி வேறு. அந்த நகரத்தில், அன்றுதானா முதன் முதலாக மக்கள் வாளியில் குளித்தனர்? மூன்று குடத்தில் நாளைக் கழிக்கும் கலையை, அன்றுதானா அந்த மண் கற்றுக்கொண்டது? அல்ல, அல்ல! அதே நகரின் மறுகோடியில், தகரக் குடிசைகளில் வாழ்ந்தோர் பிறந்த நாள் முதல் அப்படித்தான் வாழ்ந்தனர். அவர்களைப் படம் பிடிக்க எந்த ஏடும் அன்றுவரை ஓடோடி வரவில்லை.

வறட்சி வந்தது எல்லோருக்கும். அளவு வந்தது யாருக்கு, எப்போது, எந்தக் கணக்கில்? இதைத்தான் நாம் ஆராய வேண்டும்.

வறட்சி வந்த வகை

கேப் டவுன் குளிர்காலத்து மழையை நம்பி வாழும் ஊர். மே முதல் ஆகஸ்டு வரை பெய்யும் மழை, ஆறு பெரிய அணைகளில் தேங்கும். ஆறும் நிரம்பினால், கொள்ளளவு ஏறத்தாழ 90,000 கோடி லிட்டர். அதில் பாதிக்கு மேல் தீவாட்டர்ஸ்குளூப் எனும் ஒரே அணையில். 2014இல் அணைகள் நிரம்பி நின்றன. பின்னர் 2015, 2016, 2017 என மூன்று ஆண்டுகள் அடுத்தடுத்து மழை பொய்த்தது. தீவாட்டர்ஸ்குளூப் அணையின் அடிமண் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது.

2017 மே மாதத்தில், மேசை மலையின் அடிவாரத்தில் மேயரும் பல சமயத் தலைவர்களும் ஒன்றுகூடி, மழை வேண்டி வழிபட்டனர். கிறித்தவரும் இசுலாமியரும் யூதரும் பிறரும் கூடி நின்று கேட்டனர். அவ்வாண்டும் வானம் வழங்கவில்லை! இதைச் சொல்லி எவரையும் எள்ளி நகையாட நாம் முனையவில்லை. தாகத்தில் தவிப்போன் எந்தக் கதவையும் தட்டிப் பார்ப்பான். நாம் சுட்டிக்காட்ட விரும்புவது ஒன்றே: அந்த நகரை இறுதியில் காப்பாற்றியது வேண்டுதல் அன்று, கணக்கு. அணையில் எவ்வளவு உண்டு, நாள்தோறும் எவ்வளவு குறைகிறது, இந்த வேகத்தில் எந்த நாளில் தீரும், ஆளுக்கு எவ்வளவு குறைத்தால் மழைவரை தாங்கும் என்ற பகுத்தறிவுக் கணக்கு.

அக்கணக்கின்படி அளவு படிப்படியாக இறங்கிற்று. 2017 ஜூனில் ஆளுக்கு 100 லிட்டர், ஜூலையில் 87, 2018 பிப்ரவரியில் 50. அணைநீர் நூற்றுக்குப் பதின்மூன்றரைப் பங்காக இறங்கினால், வீட்டுக் குழாய்கள் மூடப்படும். பின்னர் மக்கள் ஏறத்தாழ 200 இடங்களில் வரிசையில் நின்று, ஆளுக்கு 25 லிட்டர் பெற்றுச் செல்ல வேண்டும். அந்த நாளுக்குச் ‘சுழி நாள்’ என்று பெயரிட்டனர். ஏப்ரல் 12 என்று ஒரு கட்டத்தில் தேதியும் குறித்தனர். இருநூறு இடம், நாற்பது இலட்சம் பேர்! ஓர் இடத்துக்கு இருபதாயிரம் பேர். நினைத்துப் பார்த்த நகரம் நடுங்கிற்று.

நடுங்கியதோடு நிற்கவில்லை, குறைத்தது. மிகுதியாகச் செலவிட்ட வீடுகளுக்குக் கட்டணம் ஏறிற்று. குழாய்களில் அழுத்தம் குறைக்கப்பட்டது. எந்த வீடு அளவுக்குள் நிற்கிறது என்பதைப் பச்சைப் புள்ளியிட்டுக் காட்டும் நிலப்படமொன்றை மாநகராட்சி எல்லோரும் காண வெளியிட்டது. மலைப்புறத்து விவசாயிகள் தம் அணையில் சேமித்த 1,000 கோடி லிட்டரை நகருக்கு விட்டுக்கொடுத்தனர். 2015 தொடக்கத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 120 கோடி லிட்டர் குடித்த நகரம், 2018இல் அதில் பாதிக்கும் கீழே இறங்கிற்று. சுழி நாள் ஏப்ரலிலிருந்து மேக்கும், ஜூனுக்கும், ஜூலைக்கும், ஆகஸ்டுக்கும் தள்ளிப்போயிற்று. மார்ச் தொடக்கத்தில், இவ்வாண்டு அந்த நாள் வாராது என்று அறிவிக்கப்பட்டது. பின்னர் மழையும் வந்தது.

ஆக, அளவு வைத்தது தவறா? தவறில்லை. அளவின்றேல் அந்நகர் அழிந்திருக்கும். அளவு வைப்பது ஆட்சியின் கடமை. நமது வழக்கு அளவோடு அன்று, அளக்கும் கோலோடு.

வரைபடம் வகுத்த வழி

குழாயின் வரலாற்றைக் காண விரும்புவோர், நகரின் வரைபடத்தைக் காண வேண்டும். வரைபடத்தின் வரலாற்றைக் காண விரும்புவோர், சட்டப் புத்தகத்தைப் புரட்ட வேண்டும்.

1901இல் கேப் டவுனில் கொள்ளைநோய் பரவிற்று. நோய்க்கு எலியும் தெள்ளும் காரணம். ஆனால் ஆட்சியாளரின் விரல் நீண்டது கறுப்பரின் பக்கம்! பொதுநலச் சட்டத்தின் பெயரால், துறைமுகத்தையொட்டி வாழ்ந்த ஆப்பிரிக்க மக்களைப் பிடித்து, நகருக்கு வெளியே நிடாபேனி எனுமிடத்தில் குடியேற்றினர். துப்புரவின் பெயரால் தொடங்கிய பிரிவினை, பின்னர் சட்டமாயிற்று. 1950இல் குழுப்பகுதிச் சட்டம் வந்தது: இன்ன நிறத்தார் இன்ன இடத்தில்தான் வாழலாம். 1966இல், பல நிறத்தாரும் கூடி வாழ்ந்த ஆறாம் வட்டாரம் வெள்ளையர் பகுதி என அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ அறுபதாயிரம் பேர் அங்கிருந்து அகற்றப்பட்டனர், வீடுகள் இடிக்கப்பட்டன. 1983இல், நகரிலிருந்து முப்பது கிலோமீட்டர் அளவு தள்ளி, மணல்வெளியில் கயலிட்சா எனும் கறுப்பர் குடியிருப்பு அமைக்கப்பட்டது.

மனிதரைப் பிரித்த கோட்டின் வழியே குழாயும் போயிற்று. மலையடிவார மாளிகைக்கு அறைக்கொரு குழாய்; மணல்வெளிக் குடிசைக்கு, தெருவுக்கொரு குழாய். இது நமக்குப் புரியாத கதையா? 1927இல் மகத் நகரின் சவுதார் குளத்தில், பொதுக் குளத்து நீரைக் கையில் அள்ளிக் குடிப்பதற்கே, அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரைத் திரட்டிச் செல்ல வேண்டியிருந்த நாட்டிலன்றோ நாம் வாழ்கிறோம்! அங்கே நிறம், இங்கே சாதி. குழாயின் வாயும் குளத்தின் கரையும் ஆளைப் பார்த்தன.

1994இல் தென்னாப்பிரிக்கா விடுதலை பெற்றது. 1996இல் இயற்றப்பட்ட அரசியல் சட்டம், போதுமான தண்ணீரைப் பெறும் உரிமை எல்லோர்க்கும் உண்டென்று 27ஆம் பிரிவில் பொறித்தது. உலகின் மிகச் சில நாடுகளே செய்த செயல் அது. அந்தச் சொல்லுக்கு நாம் தலைவணங்குகிறோம். ஆனால் ‘போதுமான’ என்பதற்கு எவ்வளவு? அங்கேதான் அளவுகோல் வருகிறது.

பீரி மக்களின் வழக்கு

2001இல், அந்நாட்டரசு இலவச அடிப்படைத் தண்ணீர்த் திட்டத்தைத் தொடங்கிற்று. வீடொன்றுக்கு மாதம் 6,000 லிட்டர் இலவசம். ஏழைக்கு இரங்கிய ஏற்றமிகு திட்டந்தான். கணக்கு எப்படி? ஒரு வீட்டில் 8 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு 25 லிட்டர். மாதம் 30 நாள். எட்டையும் இருபத்தைந்தையும் முப்பதையும் பெருக்குக: 6,000.

ஜோகன்னஸ்பர்க் நகரையொட்டிய சொவெட்டோவில், பீரி என்பது ஒரு பகுதி. ஏழைக் கறுப்பர் வாழும் இடம். அங்கே பழைய குழாய்கள் துருப்பிடித்து ஒழுகின, பெருமளவு நீர் வீணாயிற்று, கட்டணமும் வசூலாகவில்லை. மாநகராட்சி அதற்குக் கண்ட மருந்து முன்பண நீர்மானி. மாதம் 6,000 லிட்டர் ஓடியதும் மானி தானே குழாயை மூடிவிடும். மேற்கொண்டு வேண்டுமா? முன்பணம் கட்டு. பணமில்லையா? அடுத்த மாதம்வரை காத்திரு! ஒரே மனையில் முன்னே ஒரு வீடும் பின்னே இரண்டு மூன்று குடிசைகளுமாக, பதினைந்து இருபது பேர் வாழ்ந்தால்? மானிக்கு மனிதரை எண்ணத் தெரியாது. அது தண்ணீரை மட்டுமே எண்ணும்.

பீரி மக்கள் ஐவர் 2006இல் வழக்குத் தொடுத்தனர். மசிபுகோ வழக்கு என்று அது பெயர் பெற்றது. 2008 ஏப்ரலில், ஜோகன்னஸ்பர்க் உயர்நீதிமன்றத்தில் நீதிபதி த்சோகா தீர்ப்பளித்தார்: பீரி மக்கள் மீது முன்பண நீர்மானியைச் சுமத்தியது சட்டத்துக்குப் புறம்பானது, ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் வழங்குக. வெள்ளையர் மிகுந்து வாழும் செல்வப் பகுதிகளில் முதலில் தண்ணீர், பின்னர் கட்டணச் சீட்டு. கட்டத் தவறினால் அறிவிப்பும் தவணையும். கறுப்பர் பகுதியிலோ முதலில் பணம், பின்னர் தண்ணீர்; தீர்ந்தால் அறிவிப்பின்றி நிறுத்தம். இதை நிறத்தால் விளைந்த வேறுபாடென்றே அவர் கண்டார்.

மக்கள் மகிழ்ந்தனர், மகிழ்ச்சி நீடிக்கவில்லை. மேல்முறையீட்டில், 2009 மார்ச்சில் அளவு 42 லிட்டராக இறங்கிற்று. அதே ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள், அரசியல் சட்ட நீதிமன்றம் இறுதித் தீர்ப்பை வழங்கிற்று: இத்தனை லிட்டர் என்று வரையறுப்பது நீதிமன்றத்தின் வேலையன்று, அது ஆட்சியின் வேலை. மாநகராட்சியின் திட்டம் நியாயமற்றதன்று; நீர்மானியும் சட்டத்துக்கு உட்பட்டதே. மக்கள் தோற்றனர்.

தோற்றும் வீண்போகவில்லை. வழக்கு நடந்த காலத்திலேயே, மாநகராட்சி தன் திட்டத்தை மீண்டும் மீண்டும் திருத்த வேண்டியதாயிற்று. மிக வறியோர்க்குக் கூடுதல் அளவும் வந்தது. கேட்டவர் தோற்கலாம், கேள்வி தோற்பதில்லை.

இரண்டு பெருக்கல்

இப்போது, தோழர்களே, கரும்பலகைக்கு வருவோம். ஆசிரியத் தொழில் நம்முடையது. கணக்கைப் பலகையில் எழுதிப் பார்க்காமல் நம் மனம் ஆறுவதில்லை.

2018இல், கேப் டவுன் மாநகராட்சி வீடுகளுக்கு ஓர் எல்லை வகுத்ததே, மாதம் எவ்வளவுக்கு மேற்போனால் நடவடிக்கை என்று, அந்த எல்லை எவ்வளவு தெரியுமா? 6,000 லிட்டர்! ஆம், அதே 6,000. கணக்கு எப்படி? வீட்டுக்கு 4 பேர். ஆளுக்கு 50 லிட்டர். மாதம் 30 நாள். நான்கையும் ஐம்பதையும் முப்பதையும் பெருக்கினாலும் விடை 6,000.

பக்கத்தில் பக்கமாக எழுதிப் பாருங்கள்.

8 × 25 × 30 = 6,000.
4 × 50 × 30 = 6,000.

வகுப்பில் இதை எழுதியபோது, விடை ஒன்றுதானே என்றான் ஒரு மாணவன். ஒன்றுதான் தம்பி; கணக்குக்கு ஒன்று. வாழ்க்கைக்கோ இரண்டு! முதல் வரி, ஏழைக்கு எந்நாளும் போதும் என்று, வறட்சி ஏதும் நினையாமல் 2001இல் அரசு வகுத்த அளவு. இரண்டாம் வரி, நூற்றாண்டு காணாத வறட்சியில், நகரே அழியும் என்று அஞ்சிய வேளையில், வசதி படைத்தோரும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று விதித்த அளவு. செல்வனின் ஆபத்துக்கால அளவு, ஏழையின் அன்றாட அளவைப்போல் இரு மடங்கு! செல்வன் 50 லிட்டருக்கு இறங்கியபோது, உலகம் அதைத் தியாகம் என்றது. ஏழை 25 லிட்டரில் கிடந்தபோது, அதற்குத் திட்டம் என்று பெயர்.

அது மட்டுமா? சுழி நாள் வந்தால் வரிசையில் நின்று பெற வேண்டிய அளவென்று நகரையே நடுங்கச் செய்ததே, 25 லிட்டர்! அந்த அளவுதான் முதல் வரியிலும் நிற்கிறது.

குடிசையின் சுழி நாள்

கேப் டவுனுக்கே திரும்புவோம். அங்கும், வறட்சிக்கு நெடுநாள் முன்னரே, 2007 முதல், ஏழையர் வீடுகளில் நீர்க்கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தப்பட்டு வந்தது. பழைய கட்டணக் கடனைத் தள்ளுபடி செய்கிறோம், கருவியை ஏற்றுக்கொள் என்பது ஏற்பாடு. கருவி நாளொன்றுக்கு 350 லிட்டர் விடும், பின்னர் மூடிக்கொள்ளும். நான்கு பேர் வாழும் வீட்டுக்கு 350 லிட்டர் குறைவன்று என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் வேலை தேடி வந்த உறவினரும், வாடகைக்குக் குடியேறியோரும், கொல்லைப்புறத் தகரக் கொட்டகையில் வாழ்வோரும் அதே ஒரு குழாயை நம்பி நின்றால்? பன்னிரண்டு பேருக்கு அதை வகுத்தால், ஆளுக்கு 30 லிட்டர்கூட இல்லை. ஒழுகும் குழாயொன்று இருந்துவிட்டாலோ, பிற்பகலுக்குள் எல்லாம் தீர்ந்துவிடும். மாலையில் பள்ளிவிட்டு வரும் பிள்ளைக்குக் கை கழுவ நீரிராது. மாநகரம் ஏப்ரலில் வரும் என்று அஞ்சிய சுழி நாள், அவ்வீடுகளில் அன்றாடம் மாலையில் வந்துகொண்டிருந்தது!

2018இன் விதியிலும் ஒரு வழி வைத்திருந்தார்கள். வீட்டில் நால்வருக்கு மேல் இருந்தால், விண்ணப்பித்துக் கூடுதல் பெறலாம். நல்ல விதிதான். ஆனால் எண்ணிப் பாருங்கள்: நான்கு பேர் உள்ள வீடு கேளாமலே பெறுகிறது, பத்துப் பேர் உள்ள வீடு கேட்டுப் பெற வேண்டும். தாள் வேண்டும், சான்று வேண்டும், அலுவலகத்துக்கு நடக்கக் கால் வேண்டும், கூலியை இழக்க ஒரு நாள் வேண்டும். இவையெல்லாம் யாரிடம் இல்லையோ, அவருக்கே இவ்வளவும் வேண்டியிருக்கிறது.

மறுபுறம் மாளிகை என்ன செய்தது? பல வீடுகள் அளவை மதித்தன, மறுக்கவில்லை. ஆனால் பணம் படைத்தோர் ஆழ்துளைக் கிணறு தோண்டினர். பெருந்தொட்டிகள் வாங்கி வைத்தனர். புட்டித் தண்ணீரைப் பெட்டி பெட்டியாக வாங்கினர். நகரக் குழாயை மட்டுமே அளந்த கோலால், நிலத்தடியை உறிஞ்சிய குழாயை அப்படி அளக்க முடியவில்லை. ஏழைக்கு இரண்டாவது கிணறு ஏது?

2023இல், எலிசா சவெல்லி எனும் ஆய்வாளரும் அவர்தம் துணைவரும் கேப் டவுனின் நீர்ப்பயனைக் கணக்கிட்டு ஓர் ஆய்வு வெளியிட்டனர். அதன்படி, மக்களில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கும் குறைவான செல்வரும் மேல்நடுத்தரத்தாரும், வீடுகளுக்குச் செல்லும் நீரில் பாதிக்கு மேல் பயன்படுத்தினர். நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்ட ஏழையரும் குறைந்த வருவாயினரும் பயன்படுத்தியதோ, நூற்றுக்கு இருபத்தேழு பங்கு அளவே. அணையைக் காலி செய்தது வானம் மட்டுமன்று. வானத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டுத் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சிய கையுமாகும்.

மறுப்புக்கு மறுமொழி

நம் நண்பர் ஒருவர் கேட்கிறார்: ‘வறட்சிக் காலத்தில் வர்க்கக் கணக்கு எதற்கு? தண்ணீர் தீர்ந்தால் எல்லோருக்குந்தானே தீரும்? முதலில் அளவு வையுங்கள். நீதியைப் பின்னர் பேசுவோம்.’

எல்லோருக்கும் தீரும் என்பது உண்மைபோல் தோன்றும் பொய். புட்டியில் வாங்குவோனுக்கும், வரிசையில் நிற்போளுக்கும் ஒரே நாளில் தீராது. மேலும், நீதியைப் பின்னர் பேசுவோம் என்று ஒத்தி வைத்தால், அந்தப் ‘பின்னர்’ மழையோடு வரும். மழை வந்ததும் அளவு மறையும். அளவு மறைந்ததும் பேச்சும் மறையும். கேப் டவுனில் 2018 அக்டோபரில் ஆளுக்கு 70 லிட்டர் என்றும், டிசம்பரில் 105 என்றும் தளர்த்தினர். 2020இல் அணைகள் நிரம்பி வழிந்தன. மாளிகைக்கு வறட்சி முடிந்தது. குடிசைக்கு?

தண்ணீர் குறைவாக உள்ளபோது வைக்கும் அளவே, ஒரு சமுதாயம் தன் மக்களை எப்படி எண்ணுகிறது என்பதைக் காட்டும். பஞ்ச காலத்துக் கஞ்சித்தொட்டியில் யாருக்கு எத்தனை அகப்பை என்பது சமையற்காரன் பார்க்கும் கணக்கு மட்டுமன்று, அது அரசியல்.

ஆகவே, அளவு வேண்டும் என்கிறோம். நேரிய அளவு வேண்டும் என்கிறோம். அளவு குழாயிலிருந்து தொடங்கக்கூடாது. ஆளிலிருந்து தொடங்க வேண்டும். வீட்டை எண்ணாதே, வீட்டிலுள்ளோரை எண்ணு. கொல்லைப்புறக் கொட்டகையில் உள்ளோரையும் சேர்த்து எண்ணு. ஏழைக்கு இதற்குக் கீழே இறங்கக்கூடாது என்று ஓர் அடித்தளம் வேண்டும். செல்வனுக்கு இதற்கு மேலே ஏறக்கூடாது என்று ஒரு கூரை வேண்டும். அந்தக் கூரை வறட்சிக்கு மட்டுமன்றி, வளமான காலத்துக்கும் வேண்டும். நகரக் குழாயை அளக்கும் கோல், ஆழ்துளைக் கிணற்றையும் அளக்க வேண்டும். அடிநிலத்து நீர் யாருடைய பாட்டனும் சேர்த்து வைத்த சொத்தன்று.

நம் வாசலில்

கேப் டவுன் தப்பிய மறு ஆண்டே, அதே இடர் நம் தலைநகரின் வாசலுக்கு வந்தது. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டன. நாளொன்றுக்கு 83 கோடி லிட்டராக இருந்த வழங்கல் 52½ கோடியாகக் குறைந்தது. ஜூலை 12ஆம் நாள், சோலையார்பேட்டையிலிருந்து 25 இலட்சம் லிட்டர் காவிரி நீரைச் சுமந்த இரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. மாலையிட்டு வரவேற்றார்கள்!

அன்று சென்னையில் ஆளுக்கு இவ்வளவு என்று எழுதி வைத்த அளவு ஏதும் இல்லை. பெரும்பாலான வீடுகளுக்கு நீர்மானியும் இல்லை. அதனால் அளவே இல்லை என்று எண்ணாதீர்கள். அளவு இருந்தது, அதன் பெயர் குடம். தெருமுனைத் தொட்டியின் முன்னே, லாரியின் குழாய்க்குப் பின்னே, பச்சையும் நீலமும் மஞ்சளுமாக வரிசை வைத்த குடங்கள். வீட்டுக்கு இத்தனை குடம் என்று, தெருவே கூடித் தமக்குள் வகுத்துக்கொண்ட அளவு. அந்தக் குடத்துக்காக நள்ளிரவில் விழித்திருந்தவள் யார்? குடத்தை இடுப்பில் சுமந்து மாடிப்படி ஏறியவள் யார்? பள்ளிக்கு வாராமல் வரிசையில் நின்ற சிறுமி யார்? விலைகொடுத்துத் தனியார் லாரியை வரவழைக்க முடிந்த வீட்டுக்கோ, அளவு பணப்பையின் ஆழம் மட்டுமே. கேப் டவுனில் செல்வனுக்கும் ஒரு விதியாவது இருந்தது. இங்கே விதி குடத்துக்கு மட்டும் இருந்தது.

நமது வகுப்பு மாணவருக்கு ஒரு வேலை கொடுத்தோம். ஒரு நாள் முழுதும் வீட்டில் எத்தனை குடம் செலவாகிறது, எத்தனை பேர் வாழ்கிறார்கள், தண்ணீர் சுமந்தவர் யார் என்று எழுதி வரச் சொன்னோம். நாற்பது குறிப்பேடுகள் வந்தன. வகுத்துப் பார்த்தால், ஒரே வகுப்பில், ஒரே பலகையில் அமர்ந்திருக்கும் இருவரில் ஒருவன் வீட்டில் ஆளுக்கு இரண்டு குடம். மற்றவன் வீட்டில் எண்ணவே இயலவில்லை, மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது. மூன்றாவது கேள்விக்கு மட்டும் விடை பெரும்பாலும் ஒன்றே: அம்மா.

இளைஞர்களே! மன்றத்தில் பேசவும் ஏட்டில் எழுதவும் நமக்குத் தெரியும். இனி அளக்கவும் கற்றுக்கொள்வோம். ஒவ்வொருவரும் தம் தெருவில் பதினைந்து வீடுகளுக்குச் செல்லுங்கள். எத்தனை பேர், எத்தனை குடம், எவ்வளவு தொலைவு, எத்தனை மணிக்கு, சுமப்பவர் யார் என்று கேட்டு எழுதுங்கள். அந்தப் பட்டியலைக் கையில் ஏந்தி, நகராட்சியின் கதவைத் தட்டுங்கள். பீரி மக்கள் ஐவர்தாம். அவர்கள் எழுப்பிய கேள்வி ஒரு நாட்டின் உயர்ந்த நீதிமன்றம்வரை சென்று ஒலித்தது. நாம் ஐவரினும் பலர்.

அடுத்த வறட்சி வரத்தான் செய்யும். அன்று ஆட்சியாளர் அளவுகோலை எடுக்கும்போது, அது யார் கையில் செய்யப்பட்ட கோல், எந்த வீட்டை நினைத்துச் செய்யப்பட்ட கோல் என்று கேட்க, பட்டியலோடு நாம் அங்கே நிற்க வேண்டும். எட்டுப் பேருக்கு வகுத்ததையும் நான்கு பேருக்கு வகுத்ததையும் ஒரே அளவென்று சொல்லி நம்மை இனி எவரும் ஏய்க்க முடியாது. பெருக்கல் நமக்குத் தெரியும்.